காட்டுச் சிற்றாந்தையின் சீட்டு

பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 2015 முதல் இருந்து வருகிறது. அதைக் கேள்விப்பட்டு, தாராவியில் எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருவர் தாமும் ஒரு பட்டியல் எடுப்பதென்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்குச் சென்றார். தாராவியின் விளிம்பில் மித்தி ஆற்றை ஒட்டியிருக்கும் அப்பூங்கா முன்பு இந்நகரின் குப்பைமேடாக இருந்தது. 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு மரக்கிளையில் அமர்ந்திருந்த சிறிய ஆந்தையை அவர் கைப்பேசியில் படமெடுத்தார். படம் தெளிவாக இல்லை. கிளையின் நிழல் பறவையின் தலைமேல் விழுந்திருந்தது. தலையில் புள்ளிகள் தெரியாததால், ஃபாரஸ்ட் அவுலட் எனப்படும் காட்டுச் சிற்றாந்தை என்று குறித்துப் பறவைகளை இனங்காணும் இணையதளம் ஒன்றில் ஏற்றிவிட்டார்.

சில நாள்களில் தளத்தின் சரிபார்ப்பாளர் ஒருவரிடமிருந்து மடல் வந்தது. பார்த்தது எந்த நேரம்? துல்லியமாக எந்த இடம்? வேறு கோணத்தில் படம் உண்டா? தலையுச்சியையும் வயிற்றையும் கவனித்தீர்களா? மடலை என்னிடம் காட்டிய மாணவி கேட்டது ஒன்றுதான்: “நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்களா அக்கா?”

அன்று நான் சொன்ன சமாதானம் எனக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. தாராவி முகவரியைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சான்று கேட்கும் எந்தக் கேள்வியும் வெறும் கேள்வியாக ஒலிப்பதில்லை. ஆனால் அவர் தவறுதலாகப் பெயர் சூட்டிய அந்தப் பறவையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் தெரியும். சான்று கேட்கப்படாத ஒரு மனிதரால் நெடுங்காலம் பொய்யாகிப் போன வரலாறு அது. பிறர் அனுப்பும் பறவைகளையும் படங்களையும் ஓர் அமைப்பு எப்படிப் பெற்றுக்கொள்கிறது, எதை நம்புகிறது, யாரிடம் கேள்வி கேட்கிறது என்பதை அந்த ஒரே பறவையைக் கொண்டு விளக்கலாம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

ஒளிப்படத்துக்கு முந்திய காலத்தில் பறவையியலாளர்களுக்குப் பிறர் அனுப்பியவை பெரும்பாலும் பாடம் செய்த பறவைகள். சுட்ட பறவையின் உடலை நீக்கி, தோலையும் இறகையும் பதப்படுத்தி, உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்து, காலில் ஒரு சீட்டைக் கட்டுவார்கள். இந்தியாவில் இதைப் பெரும் வலையமைப்பாக வளர்த்தவர் ஏ. ஓ. ஹியூம். காங்கிரஸ் வரலாற்றில் அவர் பெயரைப் படித்தவர்கள் பலர். சிம்லாவில் அவர் வீடு ஒரு பறவைக் களஞ்சியமாக இருந்ததை அறிந்தவர்கள் குறைவு. அவர் நடத்திய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழுக்கு இந்தியா முழுவதிலும் பணியாற்றிய அதிகாரிகளும் பொறியாளர்களும் குறிப்புகளையும் பறவைகளையும் அனுப்பினர். அனுப்புவோருக்காகவே 1874இல் ஹியூம் ஒரு கையேடு வெளியிட்டார். எப்படித் தோலுரிப்பது என்பதோடு சீட்டில் என்ன எழுத வேண்டும் என்பதும் அக்கையேட்டின் அக்கறை. நாள், இடம், ஆணா பெண்ணா என்பவற்றோடு கண்ணின் நிறம், அலகின் நிறம், காலின் நிறம் ஆகியவற்றையும் உடனே குறிக்க வேண்டும். பறவை இறந்த சில மணி நேரத்தில் அந்நிறங்கள் மாறத் தொடங்கிவிடும்.

இன்றைய ஒளிப்படத்தோடு ஒப்பிட்டால் இது சுவையான தலைகீழ் நிலை. பாடம் செய்த பறவை அளவைக் காக்கும். இறக்கையை அளவுகோல் வைத்து அளக்கலாம். ஆனால் கண்ணின் நிறத்தை இழந்துவிடும். ஒளிப்படம் நிறத்தைக் காக்கும், அளவை இழந்துவிடும். இரண்டுமே நாளையும் இடத்தையும் தாமாகச் சொல்வதில்லை. அவற்றைச் சொல்வது சீட்டு மட்டும்தான். இன்றைய கருவிகள் நேரத்தைப் படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகின்றனவே என்று கேட்கலாம். கருவியில் நேரம் தவறாக அமைந்திருந்தால் தவறே பதியும். வாட்ஸ்அப் வழியாகக் கைமாறிய படத்தில் அந்தத் தகவலும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

1872 டிசம்பரில், இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் உள்ள புல்ஜார் அருகே எஃப். ஆர். பிளூவிட் என்பவர் ஒரு சிறிய ஆந்தையைப் பெற்று ஹியூமுக்கு அனுப்பினார். 1873இல் ஹியூம் அதைப் புதிய இனமென்று விவரித்து, அனுப்பியவர் பெயரையே அறிவியற்பெயரில் வைத்தார்: பிளூவிட்டி. பங்களித்தவரின் பெயர் இவ்வாறு பறவையின் பெயரிலேயே தங்கிவிட்டது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இன்னும் சில பறவைகள் கிடைத்தன. அவற்றுள் பல, பம்பாய் மாகாணத்தின் கான்தேஷ் பகுதியில் பணியாற்றிய ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி சேர்த்தவை. உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து இவ்வினத்தின் பாடம் செய்த பறவைகள் ஏழுதான் என்று எண்ணப்பட்டது. ஹியூமின் சேகரிப்பு 1885இல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகச் சென்றது. அதற்குச் சற்று முன்னர் அவருடைய கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதியை வேலையாள் ஒருவர் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார் என்பது தனிச் சோகம். பறவைகள் தப்பின, அவற்றைப் பற்றிய குறிப்புகள் பொட்டலம் கட்டப் போயின.

இதே காலத்தில்தான் பம்பாயில் வேறொரு வகை அமைப்பு உருவானது. 1883 செப்டம்பர் 15 அன்று, பைகுல்லாவில் உள்ள விக்டோரியா அருங்காட்சியகத்தில் எட்டுப் பேர் கூடி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினர். எண்மரில் இருவர் இந்திய மருத்துவர்கள்: ஆத்மாராம் பாண்டுரங், சக்காராம் அர்ஜுன். உறுப்பினர்கள் தாம் கண்டவற்றைப் பகிர்வதும் கொண்டுவந்த பொருள்களைக் காட்டுவதும் கழகத்தின் தொடக்க நோக்கம். அடுத்த ஆண்டே மது வணிகர் எச். எம். ஃபிப்சன் தம் அலுவலகத்தில் இடம் கொடுத்தார். 1886இல் கழகத்தின் ஆய்விதழ் தொடங்கியது. தனி மனிதரின் வீட்டிலிருந்து ஒரு கழகத்தின் அலமாரிக்குப் பறவைகள் இடம் மாறியதை நான் முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். ஒருவர் இறந்தாலும் ஊர் திரும்பினாலும் அலமாரி இருக்கும். சீட்டைப் படிக்க அடுத்தவர் வருவார்.

அந்த அலமாரியின் முன் வந்து நின்றவர்களுள் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் உண்டு. 1908 அளவில், தான் சுட்ட சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு வியந்த அச்சிறுவனிடம், மாமா அமீருத்தீன் தயாப்ஜி ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்துக் கழகத்துக்கு அனுப்பினார். செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு சொன்னதோடு, இழுப்பறைகளைத் திறந்து மற்றப் பறவைகளையும் காட்டினார். சிறுவன் பெயர் சாலிம் அலி. ‘இது என்ன பறவை?’ என்று இன்று இணையதளங்களில் நாள்தோறும் ஏற்றப்படும் படங்களுக்கு இந்நகரில் ஒரு முன்னோடி வேண்டுமானால் அந்தச் சிட்டைச் சொல்லலாம். ஆனால் அறிமுகக் கடிதத்தை மறந்துவிடக் கூடாது. கழகத்தின் உறுப்பினரான தயாப்ஜி குடும்பத்து மாமா இல்லாத சிறுவன் அப்படிக்கட்டில் ஏறியிருக்க முடியுமா? மாட்டுங்காவும் தாராவியும் அப்போதும் இருந்தன. தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் தமிழர்கள் பலர் உழைத்தனர். தோலைப் பதப்படுத்தும் கலையை அறிந்த அவர்கள் யாரும் பறவைத் தோலோடு அக்கதவைத் தட்டியதாக நான் படித்ததில்லை.

சீட்டில் யாருடைய பெயர் இடம்பெற்றது என்பதும் இத்தகைய கேள்விதான். அதில் இருப்பது பெரும்பாலும் துப்பாக்கிக்கு உரியவரின் பெயர். பறவை இருக்கும் புதரைக் காட்டியவர், இரவெல்லாம் விளக்கருகே உட்கார்ந்து தோலுரித்தவர், எலி தின்னாமல் பெட்டியைக் காத்தவர் ஆகியோரின் பெயர்களைச் சீட்டில் காண்பது அரிது. எனினும் அவர்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. எவ்வாறு என்பதை அந்த ஆந்தையே பின்னர் காட்டியது.

ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் (1878–1967) பிரிட்டிஷ் ராணுவக் கர்னல், செல்வர், போர்க்கதைகளின் நாயகர். பறவையியலில் அவர் சொல் வேதவாக்காக இருந்தது. சாலிம் அலியும் 1937இல் அவரோடு ஆப்கானிஸ்தானுக்குப் பறவைத் தேடலாகச் சென்றவர்தான். 1919இல், அனுமதியின்றிப் பறவைகளை எடுத்துச் சென்றதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவரைப் பறவை அறைக்குள் நுழையாமல் சில காலம் தடுத்து வைத்திருந்தது. தடை நீங்கியது, பேச்சும் அடங்கியது. 1954இல் ஏறத்தாழ 20,000 பறவைகள் கொண்ட தம் சேகரிப்பை அதே அருங்காட்சியகத்துக்கு அவர் கொடையளித்தார். அதில் ஒரு காட்டுச் சிற்றாந்தை இருந்தது. 1914இல், குஜராத்தில் தபதி ஆற்றங்கரை மாண்ட்வியில் தாமே பெற்றது என்று அதன் சீட்டில் எழுதியிருந்தார். பின்வந்தவர்கள் அதையே இவ்வினத்தின் கடைசிப் பதிவாகக் கொண்டனர்.

அதன்பின் எவருக்கும் அந்த ஆந்தை தட்டுப்படவில்லை. சாலிம் அலி, தில்லன் ரிப்ளி போன்றோர் தேடினர், கிடைக்கவில்லை. இடையில் இது காட்டுச் சிற்றாந்தையின் படம் என்று சொல்லப்பட்ட ஒளிப்படங்கள் வெளியாயின. பிற்பாடு ஆராய்ந்தபோது அவற்றில் இருந்தது நம் ஊர்ப் புளியமரப் பொந்துகளில் சாதாரணமாகக் காணும் புள்ளி ஆந்தைதான் என்று தெரிந்தது. தாராவி மாணவி செய்த தவற்றை அவருக்கு முன்பே தேர்ந்தவர்கள் செய்திருக்கிறார்கள். வேறுபாடு நுட்பமானது. புள்ளி ஆந்தையின் தலையுச்சியில் வெண்புள்ளிகள் தெளிவாக இருக்கும். காட்டுச் சிற்றாந்தையின் தலையில் அவை மங்கியோ இல்லாமலோ இருக்கும். இறக்கையிலும் வாலிலும் பட்டைகள் தடித்திருக்கும், அலகும் காலும் பெரியவை, அடிவயிறு வெண்மை. நிழல் விழுந்த ஒரு படத்தில் இவற்றுள் பாதி காணாமற்போகும். சரிபார்ப்பாளர் தலையுச்சியையும் வயிற்றையும் குறிப்பாகக் கேட்ட காரணம் இதுதான்.

1993இல் ஆலன் நாக்ஸ் மைனர்ட்ஸ்ஹாகனின் சேகரிப்பில் இருந்த சில பறவைகளை ஆராய்ந்து, அவை அருங்காட்சியகங்களில் திருடப்பட்டுப் பொய்ச் சீட்டுக் கட்டப்பட்டவை என்று எழுதினார். பின்னர் அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் இங்கிலாந்தில் உள்ள சகாக்களோடு அந்த ஆந்தையை எடுத்துப் பார்த்தார். பாடம் செய்வதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் உண்டு: எங்கே கீறுவது, எவ்வளவு பஞ்சு வைப்பது, எந்த முடிச்சுப் போடுவது. ‘1914 மாண்ட்வி’ ஆந்தையைப் பிரித்து வேறுவகையில் மறுபடி அடைத்துத் தைத்திருந்தனர். ஆயினும் முதற்கையின் சுவடு முழுவதும் அழியவில்லை. அது டேவிட்சனின் பறவைகளைப் பாடம் செய்த கை. 1880களில் கான்தேஷில் பெற்று, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்து, அங்கிருந்து களவாடப்பட்ட பறவை அது. ராஸ்முசெனும் நைஜல் காலரும் 1999இல் ‘ஐபிஸ்’ ஆய்விதழில் இதை வெளியிட்டனர். கர்னலின் கையெழுத்து பொய் சொன்னது. முந்தைய நூற்றாண்டின் ஒரு தையல் உண்மையைச் சொன்னது. அந்தத் தையலைப் போட்டது டேவிட்சனேதானா, அவரிடம் வேலை பார்த்த ஒருவரா என்பதைச் சீட்டு சொல்லாது.

பொய்யான ஒரு சீட்டினால் என்ன கேடு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஆந்தை கடைசியாகக் கிடைத்த காலம் முப்பது ஆண்டு பின்னே தள்ளப்பட்டது. அது வாழாத இடம் வாழிடமாகப் புத்தகங்களில் ஏறியது. தேடியவர்களின் பொழுதும் பொருளும் அங்கே செலவாயின. ஐயம் எழுந்த பதிவுகளை ஒதுக்கிவிட்டு, மெய்யான சீட்டுகள் சொன்ன இடங்களை மட்டும் வரிசையாகப் பார்ப்பது என்று ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபாட் ஆகியோர் 1997இல் முடிவு செய்தனர். கிழக்கே ஒடிசா, சத்தீஸ்கர் பகுதியில் உள்ள பழைய இடங்களில் கிடைக்கவில்லை. பிறகு கான்தேஷுக்கு வந்தனர். நவம்பர் 25 அன்று, மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, இலையுதிர்ந்த மரமொன்றில் பட்டப்பகலில் அந்த ஆந்தை அமர்ந்திருந்தது. 113 ஆண்டுகளுக்குப் பின் காணப்பட்ட பறவையை இம்முறை யாரும் சுடவில்லை. படமும் காணொளியும் எடுத்தனர். என் மதிப்பீட்டில் இந்தியப் பறவையியலில் பாடம் செய்த பறவை தன் இடத்தைப் படத்துக்கு விட்டுக்கொடுத்த நாள்களுள் அதுவும் ஒன்று.

படங்களைப் பொதுமக்களிடமிருந்து திரட்டும் தளங்கள் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. ஸ்பெயினில் லின்க்ஸ் பதிப்பகம் சார்ந்த இணையப் பறவைத் தொகுப்பும், அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் தொடங்கிய ஈ-பேர்டும் 2002இல் தோன்றியவை. 2015 முதல் ஈ-பேர்டில் பட்டியலோடு படத்தையும் ஏற்ற முடிந்தது. படங்கள் கார்னெலின் மெக்காலே நூலகத்தில் சேர்கின்றன. 2020இல் ஸ்பானியத் தொகுப்பின் படங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன. ஹியூமின் பெட்டிகள் சிம்லாவிலிருந்து லண்டனுக்குப் போனதை நினைவூட்டும் இடமாற்றம்தான் இது. ஆனால் இங்கே படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. தாராவியிலிருந்து அதைப் பார்க்கக் கப்பலும் ஏற வேண்டியதில்லை.

இத்தளங்களில் படத்தின் அழகு இரண்டாம் பட்சம். இவ்விடத்தில், இம்மாதத்தில், இவ்வினம் இத்தனைக்கு மேல் வர வாய்ப்புக் குறைவு என்ற ஒரு வரம்பு முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். அதை மீறும் பதிவை அந்தந்தப் பகுதியின் தன்னார்வச் சரிபார்ப்பாளர் பார்ப்பார், கேட்பார். ஐயம் தீராவிட்டால் பதிவு அழிக்கப்படுவதில்லை. ஏற்றியவரின் பட்டியலில் இருக்கும். பொதுவான வரைபடங்களிலும் ஆய்வுத்தரவிலும் சேராது. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அழித்துவிட்டால், பின்னால் வருபவர் மறுபடி பிரித்துப் பார்க்கத் தையல் மிஞ்சாது.

இனப்பகுப்பு மாறும்போது சீட்டின் அருமை இன்னும் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் வாழும் ஒரு சிறு நீலப்பறவையை ஒரே இனமென்று ஒரு காலத்தில் கருதினர். மரபணு ஆய்வுகள் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓரினம், தெற்கே வேறினம் என்று பிரித்தன. 2017இல் அவற்றுக்கெனத் தனிப் பேரினமே வகுத்து, ‘சோலை’ என்ற நம் சொல்லை லத்தீனாக்கி ஷோலிகோலா என்று பெயரிட்டனர். பழைய படம் ஒன்றில் ‘உதகமண்டலம்’ என்றோ ‘கொடைக்கானல்’ என்றோ இடம் இருந்தால், அது எவ்வினம் என்று இன்று சொல்லிவிடலாம். ‘மலைக்காடு’ என்று மட்டும் இருந்தால் இடத்தைக் கொண்டு பிரிக்க வழியில்லை.

இப்பணியில் எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்று. சீட்டில் துப்பாக்கிக்காரர் பெயர் இருந்தது, தோலுரித்தவர் பெயர் இல்லை. இன்று படத்தின் கீழே எடுத்தவர் பெயர் பளிச்சென்று இருக்கிறது. அதைச் சரிபார்த்தவர் பெயர் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஹுமாயூன் அப்துலாலி பம்பாய்க் கழகத்தின் பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டைப் படித்து, அளந்து, ஐயங்களைக் குறித்து, 1968 முதல் கழக இதழில் பல பகுதிகளாக ஓர் அட்டவணை வெளியிட்டார். பல்லாண்டு நீண்ட உழைப்பு அது. அவர் பெயராவது அட்டவணையில் நிற்கிறது. ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023ஆம் ஆண்டு அறிக்கை 30,000க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. வேலை முடித்து வந்து இரவில் அப்பதிவுகளில் ஐயத்துக்குரியவற்றைப் பார்த்தவர்களின் உழைப்பை எண்ணிக்கையில் எவரும் சொல்வதில்லை.

காட்டுச் சிற்றாந்தை 2014இல் மும்பைக்கு வெகு அருகில், தான்சா சரணாலயத்தில் காணப்பட்டுப் படத்தோடு பதிவாயிற்று. தான்சா ஏரி 1892 முதல் இந்நகரின் குடிநீர். ஆக, மாணவியின் ஊகம் அடியோடு அபத்தமானதன்று. அந்த ஆந்தை வாழும் காட்டின் நீரைத்தான் நாம் குடிக்கிறோம். அது தாராவிப் பூங்காவில் இருந்ததென்று சொல்ல நிழல் விழுந்த ஒற்றைப் படம் போதாது, அவ்வளவுதான்.

இவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரிலிருந்து சிவ்ரிக்கு ஹார்பர் ரயிலில் பூநாரை பார்க்கப் போகும் வழியில் அவரிடம் சொன்னேன். கர்னலிடம் யாரும் தலையுச்சியைப் பற்றிக் கேட்கவில்லையா என்று கேட்டார். 1919இல் கேட்டவர்கள் உண்டு, பிறகு விட்டுவிட்டார்கள் என்றேன். வடாலா வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் அதே மரத்தடிக்குப் போயிருக்கிறார். கிளையில் இரண்டு ஆந்தைகள். வெயில் நேராக விழும்வரை காத்திருந்து எடுத்த படத்தில் தலையெங்கும் வெண்புள்ளிகள். பழைய பதிவை அவரே திருத்தினார்: புள்ளி ஆந்தை, 1. புதிய பதிவையும் சேர்த்தார்: புள்ளி ஆந்தை, 2, காலை 8.40, மித்திக் கரை ஓரத்து மரம். குறிப்புப் பகுதியில், முதல் நாள் தலை நிழலில் இருந்ததால் தவறாகக் குறித்தேன் என்று எழுதியிருக்கிறார். நிழல் படத்தை நீக்கவில்லை.